முன்பெட்டியில் நின்றவர்கள்: புவெனஸ் ஐரிஸ் புறநகர் ரயில்களைக் குத்தகைக்கு விட்ட கதை

அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் ஐரிஸின் ஒன்சே ரயில் நிலையத்தில் தண்டவாளம் முடிந்துவிடுகிறது. மேற்குப் புறநகர்களிலிருந்து வரும் சார்மியெந்தோ தட ரயில்கள் எல்லாம் அங்கே பஃபருக்கு, அதாவது தண்டவாள முடிவில் இருக்கும் இடிதாங்கிக்கு, முன்னால் வந்து நிற்கும். வெளியே போகும் வழி பிளாட்பாரத்தின் முன்முனையில் இருக்கிறது. வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். அதனால் நிலையம் நெருங்கும்போதே பின்பெட்டிகளில் இருப்பவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு முன்னால் நகர்ந்துவிடுவார்கள். ரயில் நிற்கும்போது முதல் இரண்டு பெட்டிகளில் மூச்சு விட இடம் இருக்காது.

2012 பிப்ரவரி 22, புதன்கிழமை. கார்னிவல் விடுமுறை முடிந்து முதல் வேலை நாள். மொரேனோவிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளோடு வந்த எட்டுப் பெட்டி ரயில், காலை 8:33க்கு இரண்டாம் பிளாட்பாரத்துக்குள் வந்தது, ஆனால் நிற்கவில்லை. மணிக்கு சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் பஃபரில் மோதியது. சைக்கிளில் கொஞ்சம் வேகமாகப் போனால் வரும் வேகம்தான் அது. ஆனாலும் இரண்டாவது பெட்டி முதல் பெட்டிக்குள் ஆறு மீட்டருக்கு மேல் புகுந்துவிட்டது. 51 பேர் இறந்தார்கள். 700க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த முதல் இரண்டு பெட்டிகளில் நின்றிருந்தவர்கள்.

20 வயது இளைஞர் ஒருவரைப் பெற்றோர் இரண்டு நாளுக்கு மேல் ஒவ்வொரு ஆஸ்பத்திரியாகத் தேடி அலைந்தார்கள். அவர் உடல் அதே ரயிலுக்குள், உள்பெட்டி ஒன்றின் ஓட்டுநர் அறையில் கிடந்தது. மீட்புப் பணி முடிந்ததாகச் சொல்லப்பட்ட ரயில் அது. செய்தி வெளியானதும் ஒன்சேயில் கூட்டம் கொதித்தெழுந்தது.

அந்தத் தடத்தை 1995 மே மாதத்திலிருந்து நடத்திவந்தது டிபிஏ என்ற தனியார் நிறுவனம். 17 ஆண்டுக் குத்தகை எப்படி இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது என்பதுதான் என் கேள்வி. "தனியார் வந்தார்கள், கெடுத்தார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. நடந்ததை வரிசையாகப் பார்த்தால் அந்த வரி போதவில்லை.

கொடுப்பதற்கு முன்

அர்ஜென்டினாவின் ரயில்வேயில் பெரும்பகுதி பிரிட்டிஷ் கம்பெனிகள் கட்டியது. அதிபர் பெரோன் ஆட்சியில், 1948 மார்ச் 1 அன்று அது நாட்டுடைமையானது. தடங்களுக்கு நாட்டின் தலைவர்களுடைய பெயர்கள் வைத்தார்கள்: மித்ரே, சார்மியெந்தோ, சான் மார்த்தின், ரோகா, உர்கிசா, பெல்கிரானோ. தலைநகரைச் சுற்றியுள்ள புறநகர் வலை மட்டும் 800 கிலோமீட்டருக்கு மேல். இதில் மூன்று வகை அகலம் உண்டு. பெல்கிரானோ மீட்டர் கேஜ், உர்கிசா ஸ்டாண்டர்ட் கேஜ், மற்ற நான்கும் 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதை. ஒரு தடத்தின் பெட்டியை எடுத்து எல்லாத் தடத்திலும் ஓட்டிவிட முடியாது. பின்னால் தடவாரியாகப் பிரித்துக் குத்தகைக்கு விடுவதற்கு இதுவும் வசதியாகப் போனது.

1980களின் கடைசியில் ரயில்வே உண்மையிலேயே நொடிந்து கிடந்தது. 1989-ல் ஆண்டுப் பணவீக்கம் 3,000 சதவீதத்தைத் தாண்டியது. அப்படிப்பட்ட நேரத்தில் எந்த அரசும் சிக்னல் மாற்றுவதற்குப் பணம் ஒதுக்காது. ரயில்வேயால் நாளொன்றுக்கு 10 லட்சம் டாலர் நட்டம் என்று அரசு திரும்பத் திரும்பச் சொன்னது. அந்தக் கணக்கில் வாதத்துக்கு இடமுண்டு. ஆனால் ரயில் தாமதமாகிறது, ரத்தாகிறது, டிக்கெட் பரிசோதிக்கக்கூட ஆளில்லை என்பது பயணிகள் தினமும் பார்த்த உண்மை. இதை மறைத்துவிட்டுத் தனியார்மயத்தைப் பற்றிப் பேசுவது நேர்மையாக இருக்காது.

அதே 1989-ல் கார்லோஸ் மெனெம் அதிபரானார். ஆகஸ்டில் அரசு நிறுவனங்களை விற்க வழிசெய்யும் சட்டம் வந்தது. ரயில்வே ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர் பக்கத்திலிருந்து வந்த பதில் "நிற்கும் தடம், மூடப்படும் தடம்" என்பது. சொன்னபடியே நடந்தது. 1993 மார்ச்சில் நெடுந்தூரப் பயணிகள் ரயில்களுக்கு மத்திய அரசு பணம் கொடுப்பதை நிறுத்தியது. பணம் போட முன்வராத மாகாணங்களில் ரயில் நின்றுபோனது. ரயிலை நம்பிப் பிழைத்த சிற்றூர்கள் பல காலியாயின. 90,000க்கு மேல் இருந்த ரயில்வே ஊழியர் எண்ணிக்கை 20,000க்கும் கீழே போனது.

புறநகர் ரயிலை மட்டும் மூட முடியாது, மூடினால் தலைநகரம் நின்றுவிடும். ஆகவே 1991-ல் அதைத் தனியே பிரித்து ஃபெமேசா என்ற அரசு நிறுவனத்தில் வைத்தார்கள். குத்தகைக்கு விடும்வரைக்கான ஏற்பாடுதான் அது.

குத்தகையின் உள்ளமைப்பு

1994 ஜனவரியில் சுரங்க ரயிலும் உர்கிசா தடமும் மெத்ரோவியாஸ் நிறுவனத்துக்குப் போயின. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் மற்றவை கைமாறின. பெல்கிரானோவின் வடக்குப் பிரிவு ஃபெர்ரோவியாஸுக்கு, ரோகா, சான் மார்த்தின், பெல்கிரானோ தெற்கு மூன்றும் மெத்ரோபொலித்தானோவுக்கு, மித்ரேயும் சார்மியெந்தோவும் டிபிஏவுக்கு. வாங்கியவர்களில் பலர் உள்ளூர் பஸ் முதலாளிகளும் கட்டுமானக் கம்பெனிக்காரர்களும். டிபிஏவின் பின்னால் இருந்தது பஸ் தொழிலில் வளர்ந்த சிரிக்லியானோ குடும்பத்தின் குழுமம்.

இது விற்பனை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தண்டவாளம், பெட்டி, நிலையம் எல்லாம் அரசின் சொத்தாகவே இருந்தன. கட்டணத்தை அரசு முடிவு செய்யும். எத்தனை ரயில் ஓட வேண்டும், எவ்வளவு சுத்தம், எவ்வளவு நேரந்தவறாமை என்பதற்கு ஒப்பந்தத்தில் அளவு உண்டு. அதை நிறைவேற்ற யார் மிகக் குறைந்த மானியம் கேட்கிறாரோ அவருக்குக் குத்தகை. பெரிய முதலீடுகளுக்கும் பணம் அரசுடையது. வேலையைச் செய்துகொடுப்பது குத்தகைதாரர்.

காகிதத்தில் இது மோசமான அமைப்பு இல்லை. ஆரம்பத்தில் நன்றாகவே வேலை செய்தது. ரயில்கள் கூடுதலாக ஓடின, ரத்து குறைந்தது, நிலையங்களில் வெளிச்சம் வந்தது. 1993க்கும் 1999க்கும் இடையில் பயணிகள் எண்ணிக்கை இருமடங்குக்கு மேல் உயர்ந்தது. இந்த உயர்வில் ஒரு பங்கு, முன்பு டிக்கெட் இல்லாமல் போனவர்கள் இப்போது டிக்கெட் எடுத்ததால் கணக்கில் வந்தவர்கள். அதைக் கழித்துவிட்டாலும் மீதி நிஜமான வளர்ச்சிதான். உலக வங்கியின் ஆய்வாளர்கள் அந்த ஆண்டுகளில் புவெனஸ் ஐரிஸை மற்ற நகரங்களுக்கு முன்மாதிரியாகக் காட்டினார்கள். அவர்கள் காட்டிய எண்கள் பொய்யில்லை.

ஆனால் அந்த எண்கள் எதை அளந்தன? ஓடிய ரயில், ஏறிய ஆள், வந்த நேரம். பெட்டியின் அடிச்சட்டத்தின் வயதையும், தள்ளிப்போடப்பட்ட ஓவர்ஹாலையும் (பெட்டியைப் பிரித்துச் செய்யும் பெரிய பராமரிப்பையும்) அவை காட்டவில்லை. சார்மியெந்தோவில் ஓடியவை ஜப்பானிலிருந்து வந்த பழைய தோஷிபா மின்ரயில்கள். அதே பெட்டிகளை இன்னும் நெருக்கமாக, இன்னும் அதிக ஆட்களோடு ஓட்டினால் எண் உயரும், பெட்டி தேயும். தேய்மானம் உடனே கண்ணுக்குத் தெரியாது. சில ஆண்டுகள் யாரும் கவனிக்காமலே இருக்கலாம். ரயில் நடத்துவதில் பெரிய ஆபத்து இந்த இடைவெளியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

2002க்குப் பிறகு

1991 முதல் அர்ஜென்டினா நாணயமான பெசோ ஒன்றுக்கு ஒரு டாலர் என்று சட்டமே போட்டு வைத்திருந்தார்கள். குத்தகைக் கணக்குகள் எல்லாம் அந்த நம்பிக்கையில் எழுதப்பட்டவை. 2001 டிசம்பரில் பொருளாதாரம் சரிந்தது. 2002 ஜனவரியில் அவசரச் சட்டம் வந்தது, பெசோ மதிப்பிழந்தது, பொதுச் சேவைக் கட்டணங்கள் உறைந்தன. அந்த ஆண்டின் பிற்பகுதியில் புறநகர் ரயிலுக்கே தனியாக ஓர் அவசர நிலையை அறிவித்து, ஒப்பந்தத்தில் இருந்த முதலீட்டுப் பணிகளை நிறுத்தி வைத்தார்கள்.

கட்டணத்தை உறைய வைத்ததை நான் குறை சொல்ல மாட்டேன். பாதி நாடு வறுமைக்குள் விழுந்திருந்த நேரம் அது. மேற்குப் புறநகரிலிருந்து வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் நகருக்குள் வருகிறவர்களிடம் இருமடங்கு கேட்க எந்த அரசுக்கும் மனம் வராது. ஆனால் உறைந்த கட்டணம் ஆண்டுக்கணக்கில் உறைந்தே கிடந்தது. விலைவாசியும் சம்பளமும் ஏறிக்கொண்டே போயின. நடுவில் விழுந்த பள்ளத்தை மானியம் நிரப்பியது. சில ஆண்டுகளிலேயே குத்தகைதாரரின் வருமானத்தில் பெரும்பகுதி டிக்கெட்டிலிருந்து வராமல் போக்குவரத்துச் செயலகத்திலிருந்து வந்தது.

இந்தக் கதையின் திருப்பம் இதுதான். முன்பு ரயில் மோசமாக ஓடினால் டிக்கெட் விற்காது, நிறுவனத்துக்கு வலிக்கும். இப்போது பயணி ஏறினாலும் ஏறாவிட்டாலும் பணம் மேலிருந்து வருகிறது. சம்பளம் உயர்ந்தால் ஈடுகட்ட மானியம். மின்செலவு உயர்ந்தால் மானியம். பெட்டி புதுப்பிக்க வேண்டுமென்றால் அதற்கும் அரசுப் பணம், அந்த வேலையைச் செய்வதோ அதே குழுமத்தின் எம்ஃபெர் தொழிற்சாலை. ஒரே கை கேட்கிறது, அதே கை செய்கிறது, அதே கை "முடிந்தது" என்று கையெழுத்துப் போடுகிறது. நிறுவனம் யாரைத் திருப்திப்படுத்தினால் பிழைக்கலாம்? பிளாட்பாரத்தில் நிற்பவரை அல்ல, செயலகத்தில் உட்கார்ந்திருப்பவரை.

அந்தச் செயலகத்தில் 2003 முதல் 2009 வரை இருந்தவர் ரிக்கார்டோ ஹைமே. அவருக்குப் பின் ஹுவான் பாப்லோ ஸ்கியாவி.

சரி, யாருமே எச்சரிக்கவில்லையா? எச்சரித்தார்கள். நாட்டின் தணிக்கைத் துறை டிபிஏவின் பராமரிப்பு மோசம் என்று பல ஆண்டுகளாக அறிக்கை எழுதியது. ஒழுங்குமுறை ஆணையம் குறைகளைப் பதிவு செய்தது, அபராதம் போட்டது. ஆனால் ஒரு கையால் அபராதம் போடும் அரசு, மறு கையால் மாதாமாதம் மானியம் கொடுத்துக்கொண்டிருந்தது. அபராதத்தால் நிறுவனத்தின் நடத்தை மாறவில்லை. தணிக்கை அறிக்கைகள் எல்லோரும் படிக்கக்கூடியவையாகவே இருந்தன. அதுதான் எனக்கு மிகவும் வேதனை தருகிறது. ஒன்சேயில் நடந்தது யாருக்கும் தெரியாத ஆபத்து அல்ல.

பயணிகளுக்கும் தெரியும். அவர்கள் அறிக்கை எழுதவில்லை, தீ வைத்தார்கள். 2005 நவம்பர் 1 அன்று ஹாயெதோவில் சார்மியெந்தோ தடத்து ரயில் பழுதாகி நின்றதும் கலவரம் வெடித்து, பெட்டிகள் எரிந்தன. 2007 மே 15 மாலை, ரோகா தடத்தின் தலைநிலையமான கொன்ஸ்தித்துசியோனில் ரயில்கள் வராமல்போக, வீடு திரும்பக் காத்திருந்த கூட்டம் நிலையத்தின் ஒரு பகுதியைக் கொளுத்தியது. இரண்டு தடவையும் விஷமிகளின் வேலை என்ற பேச்சு எழுந்தது. கலவரத்தில் விஷமி இருக்கலாம். ஆனால் தினமும் நின்றுபோகும் ரயில்தான் அந்தக் கூட்டத்தை அங்கே சேர்த்து வைத்தது.

மெத்ரோபொலித்தானோவின் குத்தகை இதற்குள் உடைந்திருந்தது. சான் மார்த்தின் தடத்தை 2004-லேயே அரசு திரும்பப் பெற்றது. கொன்ஸ்தித்துசியோன் எரிந்த சில நாட்களில் ரோகாவும் பெல்கிரானோ தெற்கும் அதன் கையைவிட்டுப் போயின. ஆனால் அரசு தானே நடத்தவில்லை. மிச்சமிருந்த குத்தகைதாரர்கள் மூவரும் சேர்ந்து அமைத்த உகோஃபே என்ற கூட்டு நிறுவனத்திடம் கொடுத்தது. அதில் டிபிஏவும் ஒரு பங்காளி. செலவு முழுவதும் அரசுடையது, நிர்வாகக் கட்டணம் அவர்களுக்கு. நட்டத்தில் பங்கில்லாத குத்தகை இது. இதற்குத் தனியார்மயம் என்று பெயர் வைப்பதும் சரியில்லை, அரசுடைமை என்பதும் சரியில்லை.

தொழிற்சங்கமும் இந்த வலைக்குள் இருந்தது. பெரிய ரயில்வே சங்கத்தின் தலைமை 1990களில் தனியார்மயத்தோடு ஒத்துப்போனது, அதன்பின் வேலையை வெளியாட்களுக்குக் குத்தகை விடும் ஏற்பாடுகளில் ஆதாயமும் பார்த்தது. 2010 அக்டோபர் 20 அன்று ரோகா தடத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்களை நிரந்தரமாக்கக் கோரிப் போராடியவர்களைச் சங்கத்து ஆட்கள் தாக்கினார்கள். மரியானோ ஃபெரேய்ரா என்ற 23 வயது இடதுசாரி இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். சங்கத்தின் தலைவர் ஹோசே பெத்ராசாவுக்கு 2013-ல் 15 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது.

2011 செப்டம்பர் 13 காலை, ஃப்ளோரெஸில் லெவல் கிராசிங்கைக் கடக்க முயன்ற பஸ்ஸில் சார்மியெந்தோ ரயில் மோதி 11 பேர் இறந்தார்கள். ஐந்து மாதம் கழித்து ஒன்சே.

யார் பொறுப்பு

விபத்தன்றே ஸ்கியாவி பத்திரிகையாளர்களிடம் பேசினார். முந்தைய நாள் விடுமுறை, இது நேற்று நடந்திருந்தால் பாதிப்பு மிகக் குறைவாக இருந்திருக்கும் என்றார். கணக்குப்படி அது சரியாக இருக்கலாம். பொறுப்பில் உட்கார்ந்திருப்பவர் வாயிலிருந்து, பிணங்கள் கிடக்கும் நேரத்தில் வரக் கூடாத வார்த்தை அது. மார்ச் மாதம் அவர் பதவி விலகினார்.

ஆரம்பத்திலிருந்தே இரண்டு கதைகள் மோதின. ஓட்டுநர் பிரேக் போடவில்லை என்றது ஒன்று. பிரேக் பிடிக்கவில்லை என்றது இன்னொன்று. நீதிமன்றம் ஓட்டுநரின் தவறை ஏற்றது. ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை, அதற்காகவே இந்தத் தீர்ப்பை நான் மதிக்கிறேன். மனிதர் தவறு செய்வார் என்பது ரயில் தொழிலின் முதல் பாடம். அதனால்தான் பஃபர் இருக்கிறது, பெட்டியின் அடிச்சட்டத்துக்கு வலிமை வேண்டும் என்கிறோம், காலத்தில் ஓவர்ஹால் கேட்கிறோம். ஒன்சேயில் ஹைட்ராலிக் பஃபர் இடியை வாங்கிக்கொள்ளும் நிலையில் இல்லை. பெட்டிகள் ஒழுங்கான பராமரிப்பைக் கண்டு பல காலமாகியிருந்தது. 20 கிலோமீட்டர் வேகத்தில் நடந்த ஒரு தவறு சில காயங்களோடு முடிந்திருக்க வேண்டும். 51 உயிர்கள் போனதற்கு ஓட்டுநரை மட்டும் காட்டிவிட்டு நகர முடியாது.

2015 டிசம்பர் 29 அன்று விசாரணை நீதிமன்றம் கிளாவ்டியோ சிரிக்லியானோவுக்கு 9 ஆண்டும், ஸ்கியாவிக்கு 8 ஆண்டும், ஹைமேவுக்கு 6 ஆண்டும், ஓட்டுநருக்கு மூன்றரை ஆண்டும் சிறை விதித்தது. நிறுவனத்தின் முதலாளியும், அதைக் கண்காணிக்க வேண்டிய இரண்டு செயலர்களும் ஒரே தீர்ப்பில் நின்றார்கள். செயலர்களின் மேலதிகாரியான முன்னாள் அமைச்சர் ஹூலியோ தெ விதோவுக்கு 2018-ல் தனி வழக்கில் 5 ஆண்டு 8 மாதச் சிறை. விபத்துக்கான குற்றத்திலிருந்து விடுவித்து, அரசுப் பணத்தை முறைகேடாகக் கையாள விட்டதற்காக மட்டும் கொடுத்த தண்டனை அது. இந்த வழக்குகள் இவ்வளவு தூரம் வந்ததற்கு இறந்தவர்களின் குடும்பங்கள்தான் காரணம். அவர்கள் ஒவ்வொரு விசாரணை நாளும் போனார்கள். ஒவ்வொரு பிப்ரவரி 22 காலையும் ஒன்சேயில் கூடினார்கள்.

அரசு கைக்கு வந்த பின்

2012 மே 24 அன்று டிபிஏவின் குத்தகை ரத்தானது. அடுத்த மாதமே போக்குவரத்துப் பொறுப்பு உள்துறை அமைச்சர் ஃப்ளோரென்சியோ ரந்தாசோவிடம் போனது. கைமாறியதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 2013 ஜூன் 13 அன்று கஸ்தெலாரில், நின்றுகொண்டிருந்த ரயிலின் பின்னால் இன்னொரு ரயில் மோதி மூன்று பேர் இறந்தார்கள். அக்டோபர் 19 அன்று ஒன்சேயிலேயே மறுபடியும் ஒரு ரயில் பஃபரில் ஏறி மோதியது, நூறு பேர் அளவில் காயம். அதே தடம், அதே பழைய பெட்டிகள், புதிய நிர்வாகம். பெயர்ப்பலகை மாறினால் பெட்டி இளமையாகிவிடாது.

உண்மையான மாற்றம் பணம் இறங்கியபோது வந்தது. சார்மியெந்தோவுக்கும் மித்ரேவுக்குமாகச் சீனாவின் சிஎஸ்ஆர் நிறுவனத்திடம் 409 புதிய பெட்டிகள் வாங்கினார்கள். 2014-ல் சார்மியெந்தோவில் அவை ஓடத் தொடங்கின. பிளாட்பாரங்களைப் பெட்டியின் உயரத்துக்கு ஏற்றி அமைத்தார்கள், தண்டவாளம் புதுப்பித்தார்கள். ஏர்கண்டிஷன் போட்ட பெட்டியில் மூடிய கதவோடு போவது அந்தத் தடத்துப் பயணிகளுக்கு அதுவரை அரிதாகவே கிடைத்த ஒன்று, ஏனென்றால் பழைய ரயில்கள் பெரும்பாலும் கதவு திறந்தபடியேதான் ஓடின. 20 ஆண்டு மானியம் வாங்கித் தராததை ஒரே கொள்முதல் வாங்கித் தந்தது. அப்புறம் படிப்படியாக மற்ற தடங்களும் அரசு நிறுவனத்திடம் வந்தன. உர்கிசாவும் பெல்கிரானோ வடக்கும் மட்டும் பழைய குத்தகைதாரர்களிடமே தொடர்ந்தன.

இந்தக் கடைசி விவரத்தைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரே சட்டத்தின் கீழ், ஒரே ஆண்டுகளில், ஒரே செயலகத்திடம் மானியம் வாங்கிய ஃபெர்ரோவியாஸின் தடம் டிபிஏவின் தடம் அளவுக்கு அழியவில்லை. ஆக, குத்தகை என்ற ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடவில்லை. யார் நடத்துகிறார், பணத்தை எங்கே திருப்புகிறார், மேலே உள்ளவர் பார்க்கிறாரா, பார்த்தும் விடுகிறாரா என்பதெல்லாம் சேர்ந்துதான் ஒரு தடத்தின் நிலை.

2024 மே 10 அன்று பலெர்மோ பகுதியில் சான் மார்த்தின் தட ரயில் ஒன்று, நின்றிருந்த இன்னொரு ரயிலில் மோதி 90 பேர் அளவில் காயமடைந்தார்கள். சிக்னல் கேபிள்கள் திருடு போய்ப் பல நாளாகியும் மாற்றப்படவில்லை என்று ஓட்டுநர் சங்கம் சொன்னது. ஜூனில் அதிபர் ஹாவியர் மிலெய் அரசு ரயில்வேக்கு 24 மாத அவசர நிலையை அறிவித்தது. ஜூலையில் வெளியான புதிய சட்டத்தில், தனியாரிடம் கொடுக்கலாம் என்று பட்டியலிட்ட நிறுவனங்களில் புறநகர் ரயிலை நடத்தும் அரசு நிறுவனமும் இருக்கிறது. குத்தகை மறுபடி எழுதப்பட்டால் நான் முதலில் தேடிப் படிக்கப்போவது மானியப் பக்கத்தை அல்ல. பெட்டியின் ஓவர்ஹாலை யார் செய்வார், அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுபவருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்று சொல்லும் பக்கத்தை.